கோட்டைக்கு வந்த ஹீரோ

வளைகுடாப் பெட்டிகளில் வந்து திருவனந்தபுரத்துச் சட்டைப் பைகளைப் பிடித்தது சீனப் பேனா. இன்று அதன் வாரிசுகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. தினமும் எழுதுகிறவருக்கு அவற்றில் எது தாங்கும்?

1980களில் திருவனந்தபுரத்துக்கு வளைகுடாக்காரர் ஒருவர் விடுமுறையில் வந்தால், அவருடைய பெட்டி திறக்கப்படும் சடங்குக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் கூடிவிடுவார்கள். பெண்களுக்கு நைலான் சேலை, பெரியவர்களுக்குக் கோடாலித் தைலம், வீட்டுக்கு ஒரு டேப் ரிக்கார்டர், குழந்தைகளுக்கு மிட்டாய். பத்தாம் வகுப்பு தேறிய மருமகனுக்கு மட்டும் பெட்டியின் மூலையிலிருந்து தனியாக ஒன்று வெளியே வரும். பளபளக்கும் உலோக மூடி போட்ட ஹீரோ பேனா. மறுநாள் காலையில் பையனின் சட்டைப் பையில் அந்த மூடி மின்னும். அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்பதற்காகவே பையில் வேறு எதையும் அவன் வைக்க மாட்டான்.

வளைகுடா வழியாக வந்தது என்பதைத் தவிர அந்தப் பேனாவுக்கும் பாலைவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஷாங்காயில் தயாராகி, வளைகுடாக் கடைகளில் டஜன் கணக்கில் விலைக்கு வாங்கப்பட்டு, அரபிக் கடலைத் தாண்டிக் கேரளத்துக்கு வந்தது அது. சீனாவிலிருந்து நேராகக் கடைக்கு வருவது அன்று எளிதாக இல்லை. நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியா விதித்திருந்த அளவுக் கட்டுப்பாடுகளில் கடைசி மிச்சம் நீங்கியது 2001 ஏப்ரல் 1 அன்றுதான். அதுவரை வெளிநாட்டுப் பேனா வேண்டும் என்றால் யாராவது கொண்டுவந்து தர வேண்டும், அல்லது கள்ளச் சந்தையில் தேட வேண்டும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில், பள்ளிவாசலுக்கும் சந்தனக்குட விழாவுக்கும் பெயர்போன பீமாப்பள்ளி, ‘ஃபாரின் சாமான்’ கிடைக்கும் இடமாகவும் பெயர் வாங்கியது இப்படித்தான்.

இன்று யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஹீரோ இருக்கிறது, கூடவே ஜின்ஹாவ், விங் சங் என்று அதன் பங்காளிகளும் வந்துவிட்டார்கள். எல்லையில் நடந்த மோதலை அடுத்து 2020 நவம்பரில் அலிஎக்ஸ்பிரஸ் உள்ளிட்ட 43 சீனச் செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, நேரடியாகச் சீனாவிலிருந்து பேனா தருவித்துக்கொண்டிருந்தவர்களின் வழி அடைபட்டது. பேனாக்கள் மட்டும் நிற்கவில்லை. இறக்குமதி செய்து விற்கும் இந்திய வியாபாரிகள் மூலமாகத் தொடர்ந்து வருகின்றன. விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. வாங்குவதில் சிரமம் இல்லை. வாங்கியதை இரண்டு வருடம் கழித்தும் எழுத வைப்பதுதான் பெரும்பாடு.

எழுதிப் பிழைத்த ஊர்

இந்தப் பேனா வந்து சேர்ந்த ஊர் சாதாரண ஊர் அல்ல. திருவனந்தபுரம் எழுத்தையே தொழிலாகக் கொண்ட ஊர். ஆலைப் புகையோ துறைமுகச் சந்தடியோ அதன் அடையாளமாக இருந்ததில்லை. மனு, கோப்பு, ஆணை, தீர்ப்பு, விடைத்தாள் ஆகியவையே அதன் உற்பத்தி. கோட்டைப் பகுதியில் உள்ள ஆவணக் காப்பகத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஓலைகள் இருக்கின்றன. நிலக் கணக்கு, கோயில் கணக்கு, அரசாணை என்று வட்டெழுத்திலும் கோலெழுத்திலும் பழைய தமிழிலும் எழுத்தாணியால் கீறப்பட்டவை அவை. 2022 டிசம்பரில் அங்கேயே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

கோட்டையிலிருந்து வடக்கே வந்தால் 1869இல் கட்டி முடிக்கப்பட்ட தலைமைச் செயலகம். அதன் எதிரில் திவான் மாதவராவ் சிலையாக நிற்கிறார்; அந்த இடத்தின் பெயரே ‘ஸ்டாச்சு’. இந்தக் கட்டடத்தில் நான்கு தலைமுறை குமாஸ்தாக்கள் தொட்டெழுதும் பேனாவிலும் மைப்பேனாவிலும் பால்பாயிண்ட் பேனாவிலும் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். இப்போது கோப்புகள் பெரும்பாலும் கணினித் திரைக்குப் போய்விட்டன. ஆனாலும் மனு எழுதுகிறவரும் கையெழுத்துப் போடுகிறவரும் சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொள்ளத்தான் செய்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இந்த ஊர் அந்நியமானதும் அல்ல. கிழக்கே கோட்டையிலிருந்து நீளும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. அங்கே தமிழ் பேசாத கடைகளைத் தேடுவதே சிரமம் என்று சொல்லும் அளவுக்குத் தமிழ் வியாபாரிகள் பரவியிருந்தார்கள். அந்தத் தெருவில் கடை வைத்திருந்துகொண்டே அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக எழுதியவர் ஆ. மாதவன். 2015இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற அவர் 2021இல் மறைந்தார். நகுலனும் நீல பத்மநாபனும் எழுதிய ஊரும் இதுதான். இங்கே கையால் எழுதப்பட்ட தமிழ்ப் பிரதிகள் தபாலில் ஏறி நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் போயின. எழுத்து இத்தனை பேருக்குச் சோறு போட்ட, பெயர் வாங்கித் தந்த ஊரில் பேனாவுக்கு மரியாதை இருந்ததில் வியப்பில்லை.

பார்க்கரைத் துரத்திய ஷாங்காய்

ஹீரோவின் கதை 1931இல் ஷாங்காயில் தொடங்குகிறது. ஹுவாஃபு என்ற பெயரில் தொடங்கப்பட்ட பேனாத் தொழிற்சாலை 1966இல் ஹீரோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பே, 1950களின் இறுதியில், அமெரிக்கப் பார்க்கரை எட்டிப் பிடிப்பது என்ற முழக்கத்தோடு ஹீரோ 100 என்ற பேனாவை அது கொண்டுவந்துவிட்டது. அதற்கு முன்மாதிரி 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51. நிப்பின் நுனி மட்டும் கிளிமூக்குபோல வெளியே தெரிய, மற்ற பாகம் முழுவதும் உறைக்குள் ஒளிந்திருக்கும் பேனா. சீனர்கள் அதன் உருவத்தை எடுத்துக்கொண்டார்கள். விலையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வந்த ஹீரோ 616, 329, 336 போன்றவை அந்த உருவத்தை இன்னும் மலிவாக்கி ஆசியாவின் பள்ளிப் பிள்ளைகளின் கைக்குக் கொண்டுவந்தன.

துரத்தியவரின் கதியும் பிற்பாடு தளர்ந்தது. 2012இல் ஷாங்காய் ஹீரோ பேனா நிறுவனத்தின் 49 சதவீதப் பங்கு 25 லட்சம் யுவானுக்கு விற்பனைக்கு வந்தது. அன்றைய இந்திய மதிப்பில் சுமார் 2 கோடி ரூபாய். ஷாங்காயில் ஒரு நடுத்தர வீடு வாங்கும் பணம். கணினியும் மலிவு பால்பாயிண்டும் மைப்பேனாவை ஓரம் தள்ளியதன் அளவுகோல் அந்தத் தொகை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,800 கோடி பேனா தயாரித்த சீனா, பால்பாயிண்ட் முனைக்கான எஃகை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த நாட்டின் பிரதமரே இதைக் குறையாகச் சொன்னார். தையுவான் இரும்பு எஃகு ஆலை அந்த எஃகைச் செய்து முடித்ததாக 2017 ஜனவரியில்தான் செய்தி வந்தது. எழுதித் தூக்கி எறியும் பேனாவின் சின்னஞ்சிறு குண்டு முனை, மைப்பேனாவின் நிப்பைவிடத் துல்லியமான வேலையைக் கேட்கிறது. மைப்பேனா எளிய கருவி. அதனால்தான் அதை மலிவாகவும் செய்ய முடிகிறது. வீட்டிலேயே கழற்றிக் கழுவவும் முடிகிறது.

நான்கு பேனா, நான்கு குணம்

மலிவுச் சீனப் பேனாக்களைக் கடைக்காரர்கள் எத்தனை பெயர் சொல்லி விற்றாலும், தினசரி எழுத்துக்கு என்று பார்த்தால் அவை நான்கு வகைக்குள் அடங்கும்.

முதலாவது, மூக்கு மட்டும் தெரியும் பழைய ஹீரோ. 616 இதன் உதாரணம். எடை குறைவு, கோடு மெல்லியது. உறைக்குள் நிப்பு ஒளிந்திருப்பதால் மை சீக்கிரம் உலர்வதில்லை. இரண்டு வரி எழுதி, யோசித்து, மறுபடி இரண்டு வரி எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. மூடியைத் திருக வேண்டியதில்லை. இழுத்தால் வரும், அழுத்தினால் உட்காரும். மை நிரப்ப, பின்பக்கத்தைக் கழற்றி, நிப்பை மைப்புட்டியில் அமிழ்த்தி, குழாயின் மேல் உள்ள தகட்டை நாலைந்து தடவை அழுத்தி விட்டால் போதும்.

இதன் குறைகளும் பிரசித்தம். எவ்வளவு மை மிச்சம் என்று தெரியாது. பரீட்சை நடுவில் தீர்ந்துபோகும். நாளாவட்டத்தில் மூடியின் பிடிப்பு தளர்ந்து, பேனா பையிலேயே இருக்க, மூடி மட்டும் கையோடு வரும். எல்லாவற்றுக்கும் மேல், புகழ்பெற்ற பேனா என்பதால் போலியும் ஏராளம். போலியில் எழுத்துப் பொறிப்பு மங்கலாக இருக்கும், மூடி ஆடும், நிப்பு காகிதத்தைக் கீறும். எழுதிப் பார்க்காமல் வாங்கினால் எது கையில் கிடைக்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இரண்டாவது, ஜின்ஹாவின் கனத்த பித்தளைப் பேனாக்கள். எக்ஸ் 450, எக்ஸ் 750 ஆகிய இரண்டும் இதில் பிரபலம். பார்த்தால் ஆயிரக்கணக்கில் விலை போகும் பேனா என்று தோன்றும். பெரிய நிப்பு, தாராளமான மை, வழுக்கிக்கொண்டு போகும் எழுத்து. கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு ஏற்றது. ஆனால் அரை மணி நேரம் தொடர்ந்து எழுதினால் கனம் விரலில் தெரியும். மூடியைப் பின்னால் மாட்டினால் பேனா பின்பக்கமாகச் சாயும். 450இல் விரல் பிடிக்கும் இடம் மூன்று பக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பேனாவை வேறு மாதிரி பிடித்துப் பழகியவருக்கு அது உறுத்தும். அப்படிப்பட்டவருக்கு வழவழப்பான கழுத்துள்ள 750 மேல். இவற்றின் பெரிய அனுகூலம், நிப்பைக் கையால் இழுத்துக் கழற்றி வேறு நிப்பு மாட்டிவிடலாம் என்பது.

மூன்றாவது, அதே ஜின்ஹாவின் பிளாஸ்டிக் பேனாக்கள். சுறாமீன் தலையை மூடியாக வைத்த குழந்தைகள் பேனா, உள்ளே மை ஓடுவது தெரியும் 992, வண்ண வண்ணமாக வரும் 82. கனம் இல்லை, விலையும் குறைவு. 992, 82 இரண்டுக்கும் மூடி திருகு வைத்தது. பையில் குலுங்கினாலும் கழன்று வராது. மாணவர்களுக்கு இந்த வகைதான் பொருத்தம் என்று தோன்றும். 992 பற்றி மட்டும் ஒரு புகார் பல நாடுகளிலும் எழுந்தது. தொடக்கத்தில் வந்த பேனாக்களில், ஒருவர் தொடாமல் மேசையில் வைத்திருந்தாலும், உடம்பிலும் மூடியிலும் மெல்லிய விரிசல் விழுந்தது.

நான்காவது, விங் சங்கின் மைத்தொட்டிப் பேனாக்கள். 3008, 698 இரண்டிலும் பேனாவின் உடம்பே மைக்கூடு. பின்முனையைத் திருகினால் உள்ளே அடைப்பான் மேலேறி மையை இழுக்கும். 601 பழைய பார்க்கர் 51இன் மறுபிறவி. பின்னால் உள்ள பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் நிரம்பும். சாதாரணப் பேனாவின் உறிஞ்சு குழாயில் சுமார் 0.7 மில்லி மை பிடிக்கும் என்றால், இவற்றில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிடிக்கும். நாள் முழுவதும் பக்கம் பக்கமாக எழுதுகிறவருக்கு இது வரம். அசையும் உறுப்புகள் அதிகம் என்பதால் பழுதும் அங்கேதான் வரும். அடைப்பான் இறுகினால் சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவ வேண்டும். பலவந்தமாகத் திருகுகிறவர் கையில் இந்தப் பேனா அதிக நாள் இருக்காது.

இந்த நான்கிலும் ஒரு பொதுக் குணத்தைக் கவனிக்கலாம். ஹீரோவுக்குப் பார்க்கர் போல, ஜின்ஹாவ் 159க்கு மோன் பிளாங், 82க்கு ஜப்பானின் செய்லர் என்று பின்னால் ஒரு பணக்கார முகம் தெரியும். காப்பியடிப்பது என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். மருமகனுக்குப் பேனா வாங்கித் தந்த மாமாவுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

எட்டு போட்டுப் பார்

சீன எழுத்து நேர்க்கோடும் வெட்டும் நிறைந்தது. குட்டிக் கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து கோடுகள் விழ வேண்டும். அதற்குத் தோதாகவே ஹீரோவின் நிப்பு ஊசியாக இருக்கிறது. தமிழும் மலையாளமும் அப்படி அல்ல. ஓலையில் நேர்க்கோடு இழுத்தால் நரம்போடு கிழிந்துவிடும் என்பதால்தான் நம் எழுத்துகள் வளைந்தன என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவானாலும் ‘ஜ’, ‘ஞ’, ‘இ’, ‘ணு’ என்று எழுதும்போது நிப்பு எல்லாத் திசையிலும் திரும்ப வேண்டியிருக்கிறது. கீழிருந்து மேலே ஏறும் வளைவில்தான் மட்டமான நிப்பு மாட்டிக்கொள்ளும். காகிதத்தின் நாரைப் பிடித்து இழுக்கும்.

ஆகவே கடையில் பேனாவைச் சோதிக்கப் பெயரை எழுதிப் பார்ப்பதில் பயன் குறைவு. பழகிய கை எந்தப் பேனாவிலும் பெயரை எழுதிவிடும். இருசக்கர வாகன உரிமத்துக்கு எட்டு போடச் சொல்வதுபோல, காகிதத்தில் பெரிதாக ஒரு எட்டு போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தடவை வலமாக, ஒரு தடவை இடமாக, கையை அழுத்தாமல். எந்தத் திசையிலும் கீறாமல், கோடு விட்டுப்போகாமல் வந்தால் தமிழும் வரும், மலையாளமும் வரும். கீறினால், நிப்பின் நுனியில் உள்ள பிளவின் இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று கடிகாரக்காரர் கண்ணாடி வைத்துப் பார்ப்பது நல்லது. ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் இருந்தால், நகத்தால் மெல்ல அழுத்தியே சரி செய்துவிடலாம். மலிவுப் பேனாக்களில் பாதிப் புகார் இந்த ஒரு குறையால் வருவது.

மையும் காகிதமும் அடுத்த சோதனை. நோட்டுப் புத்தகக் காகிதம் மட்டமானால், ஜின்ஹாவின் தாராள மை நாலா பக்கமும் ஊறி மறுபக்கத்திலும் தெரியும். ஹீரோவின் மெல்லிய கோடு தப்பித்துக்கொள்ளும். ஆண்டில் இரண்டு பருவமழை பார்க்கும் திருவனந்தபுரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. சாதாரண நீல மையில் எழுதிய மனு மீது நாலு சொட்டு மழை விழுந்தால் எழுத்து கரைந்துவிடும். கரையாத மை என்று கேட்டுச் சித்திரக் கடையில் ‘இந்தியன் இங்க்’ வாங்கி ஊற்றினால் பேனாவே போய்விடும். அதில் அரக்கு கலந்திருக்கிறது. நிப்புக்கு அடியில் உள்ள மைக்கட்டையின் நுண்ணிய கால்வாய்களில் அது இறுகிவிட்டால் பிறகு தண்ணீருக்குக் கரையாது. மைப்பேனாவுக்கு என்றே விற்கும் மையை மட்டும் ஊற்றி, மாதம் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் நிறம் போகும்வரை அலசினால், சில நூறு ரூபாய்ப் பேனாவும் பல ஆண்டு எழுதும். வெந்நீரும் ஸ்பிரிட்டும் கூடாது. பிளாஸ்டிக் உருக்குலையும், வெடிக்கும்.

குப்பையும் கணக்கும்

மைப்பேனா பற்றிய பேச்சு இன்று கேரளத்தில் வெறும் பழைய நினைவு அல்ல. 2016 டிசம்பர் 8 அன்று மாநில அரசு தொடங்கிய ஹரித கேரளம் மிஷன், குப்பையைக் குறைக்கும் முயற்சிகளில் எழுதித் தீர்ந்த பிளாஸ்டிக் பேனாவையும் சேர்த்துக்கொண்டது. ‘பென் ஃபிரெண்ட்’ என்ற பெயரில், தீர்ந்த பேனாக்களைப் போடப் பள்ளிகளில் பெட்டிகள் வைக்கப்பட்டன. மைப்பேனாவுக்குத் திரும்புங்கள் என்று பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் சொன்னார்கள். 2020 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குக் கேரளத்திலும், 2022 ஜூலை 1 முதல் குறிப்பிட்ட சில பொருட்களுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. உறிஞ்சு குழலும் தட்டும் கரண்டியும் அந்தப் பட்டியல்களில் இருந்தன, பேனா இல்லை.

கணக்கு எளிது. மாதம் இரண்டு பேனா எழுதித் தீர்க்கும் மாணவி பத்து மாதக் கல்வியாண்டில் 20 பேனாவைத் தூக்கி எறிவாள். 40 பேர் உள்ள வகுப்பில் அது 800. அதே மாணவி 60 மில்லி மைப்புட்டி ஒன்று வாங்கினால், உறிஞ்சு குழாயை எண்பது தடவைக்கு மேல் நிரப்பலாம். பேனா ஒன்றேதான்.

இந்தக் கணக்கு பலிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பேனா உயிரோடு இருக்க வேண்டும். விரிசல் விட்ட 992உம், மூடி தளர்ந்த போலி ஹீரோவும் ஆறு மாதத்தில் குப்பைக்குப் போனால், தூக்கி எறியும் பால்பாயிண்டைவிட அதிக பிளாஸ்டிக்கும் உலோகமும் குப்பையில் சேரும். மலிவு மைப்பேனாவை வாங்கியதால் மட்டும் யாரும் சுற்றுச்சூழலைக் காப்பாற்றிவிடுவதில்லை. ஒரே பேனாவை வைத்துக்கொண்டிருப்பவர்தான் காப்பாற்றுகிறார்.

முறைகளும் இதற்கு உதவவில்லை. அரசு வேலை கனவோடு லட்சக்கணக்கானோர் எழுதும் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் தேர்வின் தலைமையகம் இதே ஊரில், பட்டத்தில் இருக்கிறது. அங்கே விடைக் கட்டத்தை நிரப்ப நீல அல்லது கருப்புப் பால்பாயிண்ட் பேனாதான். வங்கிப் படிவத்தில் கார்பன் தாள் வைத்து எழுதும்போது மைப்பேனா தோற்றுவிடும். அழுத்தி எழுதினால் நிப்பு விரிந்துபோகும். பால்பாயிண்டை ஒழித்துவிட முடியாது. அது தேவைப்படாத இடத்தில் எல்லாம் மைப்பேனா போதும் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்த வாதம்.

பழுது பார்க்கும் கை

முன்பு நம் ஊர்களில் கடிகாரக் கடையின் ஓரத்தில் பேனாவுக்கும் ஒரு இடம் இருந்தது. நிப்பு மாற்ற, மைக்கட்டை தேய்க்க, கழுத்தில் கசியும் மையை நிறுத்த ஆள் இருந்தார். கொல்கத்தாவின் எஸ்பிளனேடு அருகே ‘பென் ஹாஸ்பிடல்’ என்றே பெயர் வைத்த கடை உண்டு. அப்படிப்பட்ட கைகள் குறைந்துபோன நாட்டில்தான் சீனப் பேனா மறுபடி பரவுகிறது. பழுது பார்க்கும் கூலி புதுப் பேனாவின் விலையை எட்டும்போது, எவரும் பேனாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவதில்லை.

நம்மவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. ராஜமுந்திரியில் ரத்னம் பேனா சுதேசி இயக்கத்தின் விளைவாகப் பிறந்தது. 1935இல் காந்தியே அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபனைட் கட்டையிலிருந்து கையால் கடையப்படுகின்றன. கையால் செய்வதால் விலை கூடுதல். ஆனால் செய்தவர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். சீனப் பேனாவுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு வைத்தியர் எழுதுகிறவரேதான்.

ஆகவே, வாங்கப் போகிறவருக்கு முடிவாகச் சொல்லக்கூடியது இது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறவருக்கும் மட்டமான காகிதத்தில் எழுத வேண்டியவருக்கும், அசலாக இருக்கும் பட்சத்தில், பழைய ஹீரோவே போதும். கையெழுத்துக்கும் கடிதத்துக்கும் ஜின்ஹாவ் 750. நிப்பு கெட்டால் வேறு நிப்பு போடலாம் என்பது அதன் ஆயுளைக் கூட்டுகிறது. பக்கம் பக்கமாக எழுதுகிறவர், பொறுமையும் இருந்தால், விங் சங் வாங்கலாம். பள்ளிப் பிள்ளைக்குத் திருகு மூடி உள்ள கனமில்லாத பேனா நல்லது. கூடவே அலசக் கற்றுக்கொடுப்பது அதைவிட நல்லது. நான்கையும் வாங்கி மேசையில் அடுக்குவதால் பயன் இல்லை. எழுதாமல் வைத்த பேனாவில்தான் மை காய்கிறது.

‘பேனாவை யாருக்கும் இரவல் தராதே, நிப்பு கை மாறினால் எழுதாது’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். எஃகு நிப்பு அவ்வளவு சீக்கிரம் கைக்கு வளைந்துகொடுப்பதில்லை என்றாலும், அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. தன்னுடையது என்று நினைத்த பொருளை மனிதன் கழுவுகிறான், துடைக்கிறான், காணாமல் போனால் தேடுகிறான். திருவனந்தபுரத்து வீடுகளில் அலமாரி இழுப்பறையைத் திறந்து பார்த்தால், அந்த வளைகுடா நாட்களின் ஹீரோ ஒன்று இன்னும் கிடக்கக்கூடும். மை காய்ந்து, மூடி மங்கி இருக்கும். ஒரு கிண்ணம் தண்ணீரில் இரவு முழுவதும் நிப்பை ஊற வைத்தால், காலையில் தண்ணீர் நீலமாகியிருக்கும். பிறகு மை ஊற்றி, காகிதத்தில் ஒரு எட்டு போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.